கெழுதகைமை: குறளில் ஒரு சொல்லின் இருநிலை

திருக்குறளின் பொருட்பாலில் 'கெழுதகைமை' என்னும் சொல் இருவேறு மதிப்புடன் ஆளப்பட்டுள்ளது. 'பழைமை' அதிகாரத்தில் (81) அது நட்பின் உறுப்பு. நண்பன் உரிமையோடு செய்வதைச் சான்றோர் இன்முகத்தோடு ஏற்பர். 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' அதிகாரத்தின் (70) இறுதிக் குறளிலோ, அரசனுக்குப் பழையவர் என்னும் எண்ணத்தில் தகாதன செய்யும் அதே உரிமை கேடு தருவதாகின்றது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது முரணாகத் தோன்றும். நட்பு ஆட்சியைத் தொடுமிடத்தில் வள்ளுவர் எல்லை வகுக்கின்றார் என்பதே பொருத்தமாகும். அன்புடையான் என்பதற்காக ஒருவனிடம் வினையை ஒப்படைத்தலாகாது என, பரிமேலழகர் உரைவழி, 'தெரிந்து வினையாடல்' (52) அதிகாரமும் கூறுகின்றது.

அவ்வெல்லை அழிந்தமைக்கு நம் அண்டை நாடான இந்தோனேசியா சான்று. சுகார்த்தோவும் பாப் ஹசானும் 1950களில் மத்திய ஜாவாவில் பழகியவர்கள். பின்னாளில் நாட்டின் ஒட்டுப்பலகை ஏற்றுமதி முழுவதும் ஹசான் தலைமையிலான சங்கத்தின் பிடிக்குள் வந்தது. அப்பிடியை நீக்குவதாக 1998 சனவரியில் அனைத்துலகப் பண நிதியத்திடம் ஒப்புக்கொண்ட அரசு, மார்ச்சில் அவரையே தொழில், வணிக அமைச்சராக்கியது! மே 21இல் சுகார்த்தோ பதவி விலகினார். 2001இல் ஹசான் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பெற்றார்.

எனினும், 70ஆம் அதிகாரத்தின் வரம்பையும் சுட்டவேண்டும். அங்குக் கேடு உரிமை பாராட்டுவோனுக்கே வருகின்றது, எச்சரிக்கையும் அவனுக்கே. ஒட்டுப்பலகைக்காக வெட்டுண்ட காடும், வேறு வழியின்றிச் சங்கத்திற்குக் கட்டணம் செலுத்திய ஆலைகளும் அதன் பார்வைக்குள் வருவதில்லை. குடிகளின் துயரைக் காண நாம் 'கொடுங்கோன்மை' (56) அதிகாரத்திற்கே செல்லவேண்டியுள்ளது.