72 திரைகள், ஒரு சுவர்

சிகாகோவில், இலினாய் பல்கலைக்கழகத்தின் மின்னணுக் காட்சிப்படுத்தல் ஆய்வகத்தில் ஒரு வட்ட அறை இருக்கிறது. பெயர் கேவ்2. 2012இல் உருவானது. 24 அடி விட்டம். 72 எல்சிடி திரைகள் நடுவில் நிற்பவரை 320 பாகைக்குச் சூழ்ந்துகொள்ளும். மிச்சம் விட்ட இடம்தான் வாசல்.

அளவைக் கண்டு மலைக்க வேண்டாம். பெரிய திரை இப்போது கல்யாண மண்டபத்திலும் உண்டு. ரசிக்க வேண்டியது, அந்தச் சுவர் யாருக்குக் கட்டுப்படுகிறது என்பதை. அங்கே பிறந்த சேஜ்2 மென்பொருள் பிரவுசரிலேயே ஓடும். மடிக்கணினியிலிருந்து ஒரு படத்தையோ பிடிஎஃப் கோப்பையோ இழுத்துப் போட்டால், அது சுவரில் போய் நிற்கும். ஆளுக்கொரு சுட்டி, பெயரும் நிறமும் தாங்கி அலையும். ரிமோட் யார் கையில் என்ற வீட்டுச் சண்டைக்கு இங்கே இடமே இல்லை.

இந்த அறையின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: அண்டார்க்டிகாவின் போனி ஏரி பனிமூடிக்கு அடியில் கிடப்பது. நாசா நிதியில் உருவான எண்டூரன்ஸ் என்ற தானியங்கி நீர்மூழ்கி 2008, 2009இல் அதற்குள் இறங்கி, சோனாரால் அடித்தரையைத் துழாவியது. நீரின் வேதித்தன்மையையும் அளந்தது. அந்தத் தரவை அலசக் குழுவினர் கூடியது இந்த அறையில்தான்.

ஒரு பக்கத் திரைகளில் முப்பரிமாண ஏரி. மறுபக்கம் வரைபடங்கள், அட்டவணைகள். ஒருவர் ஏரிக்குள் மூழ்கியிருக்க, பக்கத்தில் இருப்பவர் எண்களைச் சரிபார்க்கலாம். சந்தேகம் வந்தால் மின்னஞ்சல் வேண்டாம். கழுத்தைத் திருப்பினால் போதும்.