விளியும் தனிமொழியும்

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் செல்வார்க்கு மேற்கே மலைத்தொடர் உடன்வரும். கார்காலத்தில் அதன் முகட்டில் முகில் படியும். கேளாத அம்முகிலை விளித்து ஒருவர் தம் துயரைக் கூறின், அது தனிமொழியாகுமா? ஆண்டாள் பிறந்த ஊரில் இவ்வினா எழுதல் இயல்பே. நாடகத் தனிமொழியோடு ஒப்பிட்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

சேக்சுபியரின் மாக்பெத் நாடகத்தில், ஐந்தாம் அங்கம் ஐந்தாம் காட்சியில், மனைவியின் இறப்பைக் கேட்ட மாக்பெத் பேசும் உரை, கையற்ற நெஞ்சின் தனிமொழியாகப் பெரிதும் போற்றப்படுவது. ஆயின் அவன் அங்குத் தனியனல்லன். செய்தி உரைத்த சீட்டன் அருகே நிற்கின்றான். அவனை விளித்து ஒரு சொல்லும் இல்லை. வாழ்வு நிழலாகவும், சிறுபொழுது மேடையில் ஆடி மறையும் நடிகனாகவும், பொருளற்ற கதையாகவும் கூறப்படுகின்றது. விளிக்கப்படுவது மெழுகுதிரி ஒன்றே. அதனையும் அவன் கேட்குமாறு வேண்டவில்லை, அணையுமாறு ஏவுகின்றான்.

நாச்சியார் திருமொழியின் நிலை இதற்கு மறுதலை. அதன் 143 பாசுரங்களில் ஆண்டாள் காமனையும் குயிலையும் சங்கினையும் முகிலையும் விளிக்கின்றார். அவை மறுமொழி தந்தில, விளியும் நின்றிலது. தன் மார்பைப் பறித்து அவன் மார்பில் எறிவேன் என்னுமளவிற்குத் துயர் முறுகும் பதின்மூன்றாம் திருமொழியிலும், அருகிலுள்ளாரிடம் வேண்டுதலை அவர் விட்டாரல்லர்.

இது மரபு பற்றியதே என்பாரும் உளர். ஞாயிறு, திங்கள், கடல், புள், நெஞ்சு முதலியன கேட்பன போலவும் பேசுவன போலவும் கூறப்படுதலைத் தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்துள்ளது உண்மையே. எனினும், பத்தாம் திருமொழியில் கடலை விளிக்கும் ஆண்டாள், தம்மைப்போலவே அவனாற் கடையப்பட்ட துணையாக அதனைக் காண்கின்றார். மரபு தந்தது விளி. அவ்விளியைத் துயரில் உறவாக்கியது அவர்தம் புலமை.

மாக்பெத்தின் உரை முடிந்ததும் தூதன் ஒருவன் வருகின்றான். அவன் கொணர்வது காடு நகர்ந்து வரும் அழிவுச்செய்தி. ஆண்டாளின் பதினான்காம் திருமொழியோ வினாவும் விடையுமாய் அமைந்து, விருந்தாவனத்தே கண்டோம் என்பாரோடு நிறைவுறுகின்றது.

ஆதலின், கேட்பார் இன்மை தனிமையன்று. விளிக்கும் விருப்பம் அறுதலே தனிமை. தனிமொழியை வகைப்படுத்துவோர் மேடையில் நிற்பாரை எண்ணுதலினும், உரையினுள் விளி உண்டா என நோக்குதலே பொருத்தமாம்.