ரொட்டி காத்தவர் பிரபுவானார்

ஆங்கிலச் சொற்களின் பிறப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், நம்மவர்கள் உடனே கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று அங்கே குடியேறிய நம் சொற்களை அடுக்குவார்கள். பெருமைதான். எனக்கென்னவோ புழங்கிப் புழங்கி முகமே மாறிப்போன அவர்களுடைய வீட்டுச் சொற்களில்தான் ருசி அதிகம்.

'லார்ட்' ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'ஹ்லாஃப்வெயர்ட்'. முன்பாதி ரொட்டி, இன்றைய 'லோஃப்' அதன் வாரிசு. பின்பாதி காவலர். வீட்டாருக்குப் படியளந்தவரே தலைவர். 'லேடி' அந்த ரொட்டிக்கு மாவு பிசைந்தவள். 'ஹ்லாஃபோர்ட்', 'லவர்ட்', 'லார்ட்' என்று நாக்குகளே செதுக்கிய வேலை இது. லண்டன் பிரபுக்கள் சபையில் அங்கி போர்த்தி அமர்பவர்களின் பட்டத்துக்குள் ஓர் அடுப்படி ஒளிந்திருக்கிறது!

பதம் பிரிப்பதில் பிழை செய்தால் மதிப்பெண் போகும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆங்கிலேயர்கள் பிழையாகப் பிரித்தே புதுச்சொல் செய்துகொண்டார்கள். சமையல்காரர் இடுப்பில் கட்டும் 'ஏப்ரன்' முன்பு 'நேப்ரன்', 'நாப்கின்'னுக்குப் பங்காளி. 'எ நேப்ரன்' என்று வேகமாகச் சொல்லச் சொல்ல, 'ந்' முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'அன் ஏப்ரன்' ஆனது. கிரிக்கெட் 'அம்பயர்' இழந்ததும் அதே எழுத்தைத்தான். 'நிக்நேம்' மட்டும் கெட்டிக்காரச் சொல். முன்சொல்லிடமிருந்து அந்த எழுத்தைப் பறித்துக்கொண்டது.

'நைஸ்' இன்னொரு விசித்திரம். 'அறியாதவன்' என்ற லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்து, 14ஆம் நூற்றாண்டில் முட்டாளைத் திட்டப் பயன்பட்டது. 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமையானவரைப் பாராட்டத் தொடங்கியது.

அழகான கதை எல்லாம் உண்மையான கதை அல்ல. இந்தியாவுக்குக் கப்பலில் வந்த சீமான்களின் டிக்கெட்டில், போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என்று குறித்த நான்கு எழுத்துகளே 'போஷ்' ஆனது என்பார்கள். அப்படி ஒரு டிக்கெட்டும் கிடைக்கவில்லை. ஜேம்ஸ் மர்ரே தலைமையில் 1884இல் முதல் பகுதி வெளிவந்து, அவர் இறந்த பின் 1928இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் உயர்வு, இத்தகைய கதைகளுக்கு மயங்காததில் இருக்கிறது. சான்று இல்லையென்றால், 'மூலம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். குழந்தைகள் முதலில் படிக்கும் 'டாக்' என்ற சொல்லுக்கும் அங்கே அதே பதில்தான்.