அடிஷாம் மாளிகையும் லயக் காம்பிராவும்

ஒரு கட்டடத்தை அதன் சுவர்களுக்குள் நின்று மாத்திரம் மதிப்பிடுவது, ஓர் இலக்கியத்தை அதன் அணிகளை மாத்திரம் கொண்டு மதிப்பிடுவதை ஒத்ததாகும். பதுளை மாவட்டத்தின் அப்புத்தளையில் அமைந்துள்ள அடிஷாம் மாளிகை பற்றிய சுற்றுலா வருணனைகள் இக்குறைபாடு உடையன.

பின்னாளிற் சேர் பட்டம் பெற்ற தோமஸ் வில்லியர்ஸ் இதனை 1931இல் எழுப்பினார். பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரனாகிய அவர், கொழும்பின் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவராகவும் விளங்கியவர். கென்ற் பிரதேசத்தில் தாம் பிறந்த ஊரின் பெயரையே மாளிகைக்குச் சூட்டினார். அப்பிரதேசத்து லீட்ஸ் கோட்டையே இதற்கு முன்மாதிரி என்பர். செதுக்கிய கருங்கற் சுவர்களும் பர்மாத் தேக்கு வேலைப்பாடும் இன்றும் உறுதி குலையாதுள்ளன. 1960களின் தொடக்கம் முதல் இது பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாக விளங்குகின்றது. இதன் அழகை நாம் மறுக்கவில்லை. அவ்வழகின் சமூக அடித்தளம் யாது என்பதே எமது வினா.

பிறந்த ஊரின் நினைவைக் கல்லில் வடித்தல் மனித இயல்பே. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளரும் அத்தகைய நினைவைச் சுமந்தே மலையேறினர். அதனை அவர்கள் மாரியம்மன் கோயில்களிலும் காமன் கூத்திலும் பேண முடிந்தது. வீடாக எழுப்ப முடியவில்லை. நிலம் அவர்களுடையதன்று. ஏறத்தாழ 12 அடிக்கு 10 அடி கொண்ட லயக் காம்பிராவே ஒரு குடும்பத்தின் அடுப்படியும் படுக்கையறையுமாயிற்று. மாளிகையின் வடிவம் உடையவரின் ஏக்கத்திலிருந்து பிறந்தது. லயத்தின் வடிவமோ தோட்டத்தின் கணக்கேட்டிலிருந்து பிறந்தது. இவை இரு வேறு கட்டடக்கலைகள் அல்ல. ஒரே பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் இரு முகங்களாகும்.

மாளிகை எழுந்த அதே 1931இல் இலங்கையிற் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. ஆயின் இந்தியத் தொழிலாளரின் வாக்குரிமை நிரந்தரக் குடியிருப்பு தொடர்பான நிபந்தனைகளுக்கு உட்படுத்தப்பட்டது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வீடின்மையும் நாடின்மையும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றன.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி அதே மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மக்களோடு சேர்த்துப் புதைத்தது. எவருக்கு எத்தகைய நிலம் ஒதுக்கப்பட்டது என்பதும் கட்டடக்கலை வரலாற்றின் பகுதியே என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

மாளிகை பேணப்படல் வேண்டும். லயத்தின் வரலாறும் அதனோடு சேர்த்து எழுதப்படல் வேண்டும். ஆயின் லயத்தை வரலாற்றுச் சின்னமாக்குமுன், அதில் இன்னும் வாழ்வோருக்குப் பாதுகாப்பான நிலமும் சொந்த வீடும் கிடைத்தாக வேண்டும்.