ஜெஞ்சாரோமிலிருந்து கெந்திங் வரை: இருவருக்கு ஏற்றதா மைவி 1.5 ஏவி?

கேளிக்கைப் பூங்காவுக்கு ஜோடியாகக் கிளம்புகிறவர்கள் ஹோட்டல் அறையையும் நுழைவுச்சீட்டையும் நாள்கணக்கில் தேடுவார்கள். எந்தக் காரில் போவது என்று மட்டும் யோசிக்க மாட்டார்கள்; வாசலில் எது நிற்கிறதோ அதில் ஏறிவிடுவார்கள். ஜெஞ்சாரோம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது சரிப்படாது. இங்கே ரயில் நிலையம் கிடையாது. கெந்திங் மலை இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்கினால், இரண்டு நாளில் ஒரு நல்ல பங்கு காருக்குள்ளேயே கழிந்துவிடும். அந்த நேரமும் விடுமுறைதானே?

அதனால்தான் பெரோடுவா மைவி 1.5 ஏவி-யை இப்படி ஒரு வார இறுதிக்குக் கணவரும் நானும் கொண்டுபோய்ப் பார்த்தோம். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இரண்டு பேர் குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே போக முடிகிறதா, இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்ட முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இந்தக் காரை எடை போடுகிறேன்.

மைவி முதலில் 2005-இல் வந்தது. இப்போது ஓடுவது 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை. 2021 நவம்பரில் அதைப் புதுப்பித்தபோது, பழைய நான்கு வேக ஆட்டோ கியரை எடுத்துவிட்டு டி-சிவிடி கியரைப் பொருத்தினார்கள். எஞ்சின் 1,496 சிசி, 103 குதிரைத்திறன், 137 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஏவி என்பது வரிசையின் உச்ச ரகம். விலை ஏறக்குறைய 60,000 ரிங்கிட்.

முதலில் நம்மூர்ச் சாலை. கிள்ளான் - பந்திங் சாலையில் காலை நேரத்தில் லாரிக்குப் பின்னால் லாரி. செம்பனைக் குலை ஏற்றிப் போகிறவை, தொழிற்சாலைச் சரக்கு, கொள்கலன் என்று ஓயாது. இந்தச் சாலையில் மைவியின் சின்ன உருவம் பெரிய வசதி. 3.9 மீட்டருக்குள் அடங்கிவிடும் உடம்பு, இலேசான ஸ்டீயரிங், சுற்றிலும் தெளிவாகத் தெரியும் கண்ணாடிகள். சமிக்ஞை விளக்கில் முன்னால் நிற்கும் வண்டி நகர்ந்த பிறகும் நாம் பேச்சு சுவாரசியத்தில் இருந்தால், கார் மணியடித்துச் சொல்கிறது. ஜோடியாகப் போகிறவர்களுக்கு என்றே வைத்தது போன்ற வசதி!

இடையில் ஒன்று. சீனப் புத்தாண்டையொட்டிய வார இறுதிகளில் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். டோங் சென் ஆலயத்தின் விளக்கு அலங்காரத்தையும் பூக்களையும் பார்க்க நாடெங்கிலுமிருந்து கூட்டம் ஜெஞ்சாரோமுக்குத்தான் வரும். நாம் ஊரைவிட்டு வெளியேறுவதற்குள் பாதி உற்சாகம் வடிந்துவிடும். தைப்பூச வாரத்தில் பத்துமலை வழியாகப் போகும் எண்ணமும் வேண்டாம்.

நான் குட்டை, கணவர் நல்ல உயரம். பல கார்களில் எனக்குப் பொருந்தும் இருக்கை அவருக்குப் பொருந்தாது. மைவியில் ஓட்டுநர் இருக்கையை உயர்த்தித் தாழ்த்தலாம். எனக்கு முன்பக்க மூக்கு வரை ஓரளவு தெரிகிறது. ஆனால் ஸ்டீயரிங்கை மேலும் கீழும் அசைக்கலாமே தவிர, நம் பக்கம் இழுக்க முடியாது. அவர் கால் நீட்டும் அளவுக்கு இருக்கையைத் தள்ளினால் ஸ்டீயரிங் எட்டாமல் போகிறது. முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார்ந்து சமாளிக்கிறார். ஐந்தேமுக்கால் அடிக்கு மேல் இருப்பவர்கள் வாங்கும் முன் இதைக் கட்டாயம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முன்னிருக்கையின் பக்கவாட்டில் கைப்பை மாட்டும் கொக்கி இருக்கிறது. வழிப்பறிக்காரன் ஜன்னல் வழியாகப் பையை இழுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்க வைத்தது. கிள்ளான் பக்கம் ஓட்டுகிற பெண்கள் அதன் அருமையைச் சொல்லாமலே அறிவார்கள்.

தெலுக் பங்லிமா காராங்கில் எஸ்கேவிஇ-யில் ஏறி, சௌஜானா புத்ராவில் எலிட் நெடுஞ்சாலைக்கு மாறினோம். தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் வரை சாதாரணக் குரலில் பேசலாம். வேகவரம்பான 110-ஐத் தொட்டால் டயர் இரைச்சலும் காற்றும் உள்ளே வந்துவிடுகின்றன; மின்னல் எஃப்எம் ஒலியை ஏற்ற வேண்டியிருக்கிறது, பிறகு பேசும் குரலையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. என் அளவுகோலில் மைவி மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான். நாங்கள் நூறிலேயே போனோம். பத்து கிலோமீட்டர் வேகம் குறைந்ததில் போய்ச் சேரும் நேரம் பெரிதாக மாறவில்லை, பேச்சு மட்டும் தடையில்லாமல் ஓடியது.

அந்த நூறை நமக்காகப் பிடித்துவைப்பது ஏவி-யில் மட்டும் வருகிற தகவமைப்பு வேகக் கட்டுப்பாடு. வேகத்தையும் இடைவெளியையும் குறித்துக் கொடுத்தால், முன்னால் போகும் வண்டிக்கு ஏற்பத் தானே குறைத்துக் கூட்டிக்கொள்கிறது. வலது கால் ஓய்வெடுக்கிறது. நின்று நின்று நகரும் நெரிசலில் மட்டும் இதை நம்பி உட்காராதீர்கள்; கால் பிரேக்கிலேயே இருக்கட்டும். பக்கத்துத் தடத்தில் நம் கண்ணில் படாமல் வரும் மோட்டார் சைக்கிளைக் கண்ணாடியில் விளக்கெரிந்து காட்டும் வசதியும் உண்டு. நம் நெடுஞ்சாலைகளில் இது அலங்காரமில்லை, உயிர் காக்கிற சாமான்.

திரைதான் ஏமாற்றம். எட்டு அங்குலத் தொடுதிரை இருந்தும், நாங்கள் ஓட்டிய வண்டியில் ஆப்பிள் கார்பிளேயும் இல்லை, ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இல்லை. இந்த விலைக்கு அது இருந்திருக்க வேண்டும். கைப்பேசியைத் தாங்கியில் செருகி வேஸ் பார்க்க வேண்டியதுதான். தனியாக ஓட்டுகிறவருக்குத் தொந்தரவு. இருவராகப் போனால் பக்கத்தில் இருப்பவர் வழி சொல்லலாம். “இடப்பக்கம் ஒட்டிக்கம்மா, டோலு வருது” என்று கணவர் சொல்லச் சொல்ல ஓட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. போகும் வழியிலேயே கைப்பேசிக்கு மின்னேற்றிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் சீட்டு, விளையாட்டு, படம் பிடிப்பது எல்லாமே அதில்தான்.

கோம்பாக் டோல் தாண்டினால் காராக் நெடுஞ்சாலை. சுரங்கப்பாதை முடிந்து கெந்திங் செம்பா ஓய்விடத்தில் இடம் மாறினோம். இனி ஏற்றம், அவர் கையில்.

இந்த ஏற்றத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மைவியைப் பற்றிய பாதி வாக்குவாதமே இதில்தான். கோ தோங் ஜெயாவைத் தாண்டியதும் எஞ்சின் சத்தம் போட ஆரம்பிக்கிறது. “என்னங்க, இப்படிக் கத்துதே?” என்றேன். “கத்தட்டும், ஏறுதா இல்லையா பாரு” என்றார். ஏறியது, தயங்காமல். சத்தத்துக்குக் காரணம் கியரின் அமைப்பு. சாதாரண சிவிடி-யில் இரண்டு கப்பிகளுக்கு இடையே ஒரு பட்டை வலுவைக் கடத்தும். டைஹட்சு 2019-இல் கொண்டுவந்த டி-சிவிடி-யில் வேகம் கூடும்போது பற்சக்கரங்களும் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும். எலிட் நெடுஞ்சாலையில் எஞ்சின் அமைதியாகச் சுற்றியது அதனால்தான். மலையில் வேகம் குறைவு. பட்டை மட்டுமே வேலை செய்கிறது. இழுவிசை உச்சம் தொடுவது நிமிடத்துக்கு 4,200 சுற்றில் என்பதால், கார் எஞ்சினை அந்த உயரத்திலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. பழைய நான்கு வேக மைவியில் கியர் மாறும்போதெல்லாம் ஒரு உதறல் வரும். இப்போது அது இல்லை, அதற்குப் பதில் ஒரே சுருதியில் நீண்ட உறுமல்.

இன்னொரு காரணம் உயரம். பூங்கா இருப்பது கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,800 மீட்டர் மேலே. காற்று மெலிய மெலிய, டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 விழுக்காடு வலுவை இழக்கும். ஆக 103 குதிரை மேலே போய்ச் சேரும்போது 85-ஐ ஒட்டித்தான் இருக்கும். இரண்டு பேரும் இரண்டு பையும் என்றால் அது போதும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஏர்கானை முழுதாக விட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் மைவி மலையில் முக்குகிறது என்கிறார்கள். பாதி வழியில் கண்ணாடியை இறக்கிவிட்டோம். மேலே போனால் ஏர்கானே தேவையில்லை.

பனிமூட்டம் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். மைவியின் தானியங்கிப் பிரேக்கும் தட எச்சரிக்கையும் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இரட்டைக் கேமராவை நம்பி வேலை செய்பவை. நம் கண்ணுக்குத் தெரியாத மூட்டத்தில் கேமராவுக்கும் தெரியாது. வளைவுகளில் தானியங்கி உதவிகளை நம்பாமல், தாழ்விளக்கில் நிதானமாகப் போவதே சரி.

முழு ஏற்றமும் வேண்டாம் என்பவர்கள் காரை அவானா நிலையத்தில் நிறுத்திவிட்டுக் கேபிள் காரில் ஏறலாம். 2.8 கிலோமீட்டரை ஏறக்குறைய பத்து நிமிடத்தில் கடக்கும். நடுவில் சின் சுவீ குகைக் கோயிலில் இறங்கிப் பார்க்கலாம். புதிதாக மணமானவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். பழைய வெளிப்புறப் பூங்கா 2013-இல் மூடப்பட்டு, கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் 2022 பிப்ரவரி 8-இல் திறந்தது. ஒன்பது உலகங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மழை எப்போது வேண்டுமானாலும் வரும், குளிரும். கனத்த மேலாடை இரண்டு, குடை, மாற்றுக் காலணி என்று சாமான் சேர்ந்துவிடும். பின்பெட்டியின் 277 லிட்டர் இடத்தில் எங்கள் இரண்டு பைகளும் பலகாரக் கூடையும் அடங்கிய பிறகும் இடம் மிச்சம்.

இறக்கம் என் கையில். ஏறுவதைவிட இதுதான் கவனிக்க வேண்டியது. 2013 ஆகஸ்ட் 21-இல் இந்தச் சாலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்ததை நம் நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. மைவிக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். எடை ஒரு டன்னைச் சுற்றி என்பதால் அதுவே போதும், ஆனால் மிதித்தபடியே இறங்கினால் எந்தப் பிரேக்கும் சூடேறிப் பிடி தளரும். “பிரேக்கை விடும்மா, கியரைக் கீழே இறக்கு” என்றார். டி நிலையிலிருந்து ஒரு படி கீழே இழுத்ததும் எஞ்சின் வண்டியைப் பின்னிழுத்துப் பிடித்தது. வளைவுக்கு முன் ஒரு அழுத்தம், பிறகு விடுதலை. இப்படியே கோ தோங் ஜெயா வரை வந்தோம். இலேசான வண்டி, இலேசான ஸ்டீயரிங் என்பதால் மலைச்சாலை பழகாத என்னைப் போன்றவர்களுக்கும் கை நடுங்கவில்லை. இந்த இடத்தில் மைவிக்கு முழு மதிப்பெண்.

ஒரு நாள் மட்டுமே கிடைக்கிறவர்களுக்குச் சன்வே லகூன் இருக்கிறது. கிள்ளானிலிருந்து கெசாஸ் நெடுஞ்சாலையில் நேர்வழி. பழைய ஈயச் சுரங்கக் குழியில் எழுந்த நீர்ப்பூங்கா. அதற்கு எந்தக் காரும் போதும், ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் இருக்கைமேல் விரிக்கத் துண்டும் எடுத்துப் போங்கள். காரே வேண்டாம் என்றால், கிள்ளானில் கேடிஎம் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து கெந்திங்குக்குப் பேருந்து உண்டு. வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டே ஏறலாம்.

செலவுக் கணக்கு எளிது. போய்வர 220 கிலோமீட்டர் என்று வையுங்கள். மலையேற்றத்தையும் சேர்த்து லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 15 லிட்டருக்குள் முடியும். பூடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையில் 30 ரிங்கிட் அளவுதான். தொட்டி 36 லிட்டர். வழியில் எண்ணெய் போட வேண்டியதே இல்லை.

எந்த ரகம் வாங்குவது? 1.5 எக்ஸ், எச், ஏவி மூன்றுக்கும் எஞ்சினும் கியரும் ஒன்றே. மலை ஏறுவதில் வித்தியாசம் கிடையாது. ஏவி-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கானது. இரண்டு நாள் அலைந்து, கால் வலித்து, கண் சொக்கும் நேரத்தில் எலிட் நெடுஞ்சாலையில் வேகத்தையும் இடைவெளியையும் கார் பார்த்துக்கொள்கிறது. மாதம் ஒரு முறையாவது வெளியூர் போகிற ஜோடி என்றால் அந்தப் பணத்தைக் கொடுங்கள். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு எக்ஸ் போதும். இரைச்சல்தான் பெரிய குறை என்று நினைப்பவர்கள், 2025-இல் வந்த புரோட்டோன் இ.மாஸ் 5 மின்காரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். உறுமலும் இல்லை, இறக்கத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரமும் திரும்பும்.

விற்பனை நிலையத்துக்குச் சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். ஒருவர் ஓட்டி முடித்ததும் மற்றவரும் ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் 110 வரை விட அனுமதி கேளுங்கள். அந்த வேகத்தில், வானொலியை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது பேசிப் பாருங்கள்.