கொடுத்த பணம் எங்கே நிற்கிறது?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி 1851இல் இறந்தார். மேற்கே குடியேறப் போகும் வழியில் தம் ஊருக்கு வந்து சேரும் ஏழைப் பயணிகளுக்கு உதவச் சொல்லி, சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதிவைத்திருந்தார். அன்றைக்கு அது மிகத் தேவையான தர்மம். பிறகு ரயில் வந்தது, வண்டி கட்டிப் போகிறவர்கள் குறைந்தார்கள். பணம் இருந்தது, அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

இப்படி முடங்கிய உயில்களைப் பார்த்து மனம் நொந்தவர் கிளீவ்லாந்து வங்கியாளர் ஃபிரடெரிக் காஃப். செத்தவர் கை உயிரோடிருப்பவர்களின் தேவையைத் தடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. 1914இல் அவர் தொடங்கிய கிளீவ்லாந்து அறக்கட்டளைதான் உலகின் முதல் ஊர்ப் பொது அறக்கட்டளை. பலர் கொடுக்கும் பணத்தை ஒரே குடையின் கீழ் முதலீடு செய்வது, உள்ளூர்க்காரர்களின் குழு அதைப் பங்கிடுவது, கொடுத்தவர் குறித்த நோக்கம் காலாவதியானால் அதை மாற்றும் அதிகாரத்தையும் அந்தக் குழுவுக்கே தருவது என்பது ஏற்பாடு. இன்று அமெரிக்காவில் மட்டும் இத்தகைய அமைப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

காஃப்பின் அமைப்பு பெரிய தொகைகளைக் கொடுக்கத் தொடங்குமுன்பே ஊரைப் படிக்கத் தொடங்கியது. 1915–16இல் நகரப் பள்ளிகளை ஆராய்ந்து பல தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டது. சில ஆண்டுகள் கழித்து, ராஸ்கோ பவுண்ட், ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் என்ற இரு சட்ட அறிஞர்களை அழைத்து நகரத்தின் குற்றவியல் நீதி நிர்வாகத்தையே அலசச் செய்தது. இந்த ஊரறிவுதான் இத்தகைய அறக்கட்டளைகளின் உண்மையான சொத்து. உணவு வங்கிக்குப் பத்துப் பெட்டி டின் உணவு அனுப்ப யாராலும் முடியும். அங்கே உடனடித் தேவை குளிர்பதன வண்டி ஒன்று என்பது, மாதம் ஒருமுறை அந்தக் கிடங்குக்குள் போய்வரும் அலுவலருக்குத்தான் தெரியும்.

ஊருக்குப் பெரிய இடி விழும்போதும் இது கைகொடுக்கும். 2013இல் டெட்ராய்ட் நகராட்சி திவாலானது. ஓய்வூதியக்காரர்களின் பணமும் நகரின் கலை அருங்காட்சியகமும் ஒருசேர ஆபத்தில் நின்றன. பல அறக்கட்டளைகள் சேர்ந்து 36 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டன. அத்தனை பேர் பணத்தையும் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து நிர்வகிக்க ஒரு பொது இடம் வேண்டியிருந்தது. தென்கிழக்கு மிச்சிகன் வட்டார அறக்கட்டளையின் கீழ் அதற்கென்றே ஓர் அமைப்பு உருவானது. தனித்தனியாகச் செக் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் கொடையைத் திட்டமிடும்போது நேரும் ஒரு சிறு கவனக்குறைவு எவ்வளவு பெரிய வழக்காக முளைக்கும் என்பதற்கு பெரில் பக் உயிலைவிடத் தெளிவான பாடம் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவை அடுத்த மரின் கவுன்டியில் வாழ்ந்து 1975இல் இறந்த இந்த அம்மையார், பெல்ரிட்ஜ் எண்ணெய் நிறுவனப் பங்குகளைச் சான் ஃபிரான்சிஸ்கோ அறக்கட்டளையிடம் விட்டுச் சென்றார். மரின் மக்களுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. அப்போது அவற்றின் மதிப்பு சுமார் 1 கோடி டாலர். 1979இல் ஷெல் நிறுவனம் பெல்ரிட்ஜை 365 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரே வீச்சில் அந்தக் கொடை 25 கோடி டாலரைத் தாண்டியது.

மரின் கவுன்டியோ நாட்டின் பணக்காரக் கவுன்டிகளில் ஒன்று. வளைகுடாவுக்கு மறுபுறம் ஓக்லாந்தில் வறுமை கண்முன் நின்றது. உபரியை வளைகுடாப் பகுதி முழுவதற்கும் பயன்படுத்த அனுமதிக்கும்படி அறக்கட்டளை 1984இல் நீதிமன்றம் போனது. மரின் கொதித்தது. பணக்கார ஊர் என்றாலும் அங்கே மரின் சிட்டியும் சான் ரஃபேலின் கெனால் பகுதியும் ஏழைகளின் இடங்களாகவே இருந்தன. மாதக்கணக்கில் நடந்த விசாரணையின் முடிவில், 1986இல், அறக்கட்டளை பொறுப்பிலிருந்து விலகியது. உயிலின் சொற்களே நின்றன. அந்தப் பணத்துக்கென மரின் ஊர் அறக்கட்டளை பிறந்தது.

சட்டப்படி இது சரியான முடிவே. கொடுத்தவர் தெளிவாக எழுதியதை, வாங்கிய பிறகு மாற்றக் கேட்டால் நாளைக்கு யார் நம்பிக் கொடுப்பார்கள்? அதே சமயம் ஓக்லாந்தின் பசியும் பொய்யல்ல. சொத்து பல மடங்கு வளர்ந்தால் என்ன செய்வது என்ற ஒரு வரி உயிலில் இருந்திருந்தால் இரு தரப்புக்கும் இந்தச் சண்டையே வந்திருக்காது. அந்த வரியை எழுதவைப்பதற்குத்தான் ஆலோசகர் வேண்டும்.

இன்றைய பெரிய குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒருவர் விலை ஏறிய பங்குகளை அறக்கட்டளையில் தம் பெயரிலான நிதியாகப் போடலாம். லாபத்துக்கு வரியில்லை, வருமான வரிச் சலுகை அந்த ஆண்டே கிடைத்துவிடும். அந்த நிதியிலிருந்து யாருக்கு, எப்போது தரலாம் என்று பின்னர் அவர் ஆலோசனை சொல்லுவார். எப்போது என்பதற்குத்தான் சட்டத்தில் கெடு இல்லை. குடும்பங்கள் நடத்தும் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தைச் செலவிட்டே ஆகவேண்டும். இந்த நிதிகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சலுகை இன்று, தர்மம் என்றோ ஒரு நாள்.

சிலிக்கான் பள்ளத்தாக்கு ஊர் அறக்கட்டளை 2007இல் இரு அமைப்புகள் இணைந்து உருவானது. மார்க் சக்கர்பர்க் தம்பதி 2012இலும் 2013இலும் பெரும் பங்குத் தொகுதிகளைக் கொடுத்தார்கள். பத்தாண்டுக்குள் அதன் கையிருப்பு 1,300 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் அதே பள்ளத்தாக்கில் வாடகை கட்ட முடியாமல் காருக்குள் தூங்குகிற குடும்பங்கள் இருந்தன. உள்ளூருக்கு வந்துசேருவது போதாது என்று அங்கே உழைக்கும் சிறு அமைப்புகள் குறைப்பட்டன. அந்தக் குறை நியாயமானது. ஊர் என்ற பெயரைத் தாங்கும் நிறுவனம் பணக்காரர்களின் பாதுகாப்புப் பெட்டகமாக மாறினால், காஃப் அஞ்சிய முடக்கம் உயிரோடிருப்பவர் கையாலேயே நடக்கிறது.

இத்தகைய நிதிகளின் மொத்தத்தில் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வெளியே போகிறது என்று இந்தத் துறையினர் பதில் சொல்லுகிறார்கள். சராசரி என்ற வகையில் உண்மை. ஒரு நிதி முழுக்கக் கரைந்து, பக்கத்து நிதி அசையாமல் கிடந்தாலும் சராசரி நன்றாகவே தெரியும். ஒரு நிதியிலிருந்து இன்னொரு நிதிக்கு மாற்றுவதும் அந்தக் கணக்கில் கொடையாகச் சேர முடியும். 2021இல் அமெரிக்க செனட்டில் கெடு விதிக்கும் மசோதா ஒன்று வந்தது, நிறைவேறவில்லை.

இதனால் ஊர் அறக்கட்டளையே வேண்டாம் என்று ஒதுக்குவது தவறு. வணிக நிறுவனங்கள் நடத்தும் இத்தகைய நிதிகளில் கட்டணம் குறைவாக இருக்கலாம். அங்கே அந்தக் குளிர்பதன வண்டியைப் பற்றிச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. பணம் போடுமுன் கொடையாளர் கேட்கவேண்டியவை சில உண்டு. போன ஆண்டு கொடுத்ததில் எவ்வளவு இந்த ஊருக்குள் செலவானது? என் காலத்துக்குப் பிறகு யார் முடிவெடுப்பார்கள்? நோக்கம் பொருந்தாமல் போனால் எந்த விதியின்கீழ் மாற்றுவீர்கள்? பதில்களை வாய்மொழியாக விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பணம் முழுவதும் எந்த ஆண்டுக்குள் செலவாகவேண்டும் என்ற தேதியையும் நீங்களே அதில் குறித்துவிடுங்கள். சட்டம் அதைக் குறிக்கும் வரை அந்தப் பொறுப்பு கொடுப்பவருடையது.