பேத்தை மீனும் இதயத்தின் சோடியம் கதவும்

இதயத் துடிப்புக் கோளாறு மருந்துகளைப் பற்றித் தமிழில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை. "இதய செல்லுக்குள் சோடியம் நுழையும் கதவை மருந்து அடைக்கிறது, தாறுமாறான துடிப்பு அடங்குகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பொய் இல்லை. ஆனால் அந்தக் கதவு உவமையை ராமேஸ்வரம் கடற்கரைக்குக் கொண்டுபோனால் ஓட்டை தெரிந்துவிடும்.

பாம்பன், மண்டபம் பக்கம் வலையில் பேத்தை விழுந்தால் பெரும்பாலும் கறிக்கு எடுப்பதில்லை. பந்து மாதிரி ஊதிக்கொள்ளுமே, அந்த மீன்தான். அதன் ஈரலிலும் சினையிலும் டெட்ரோடோடாக்சின் என்ற விஷம் உண்டு. எவ்வளவு வேக வைத்தாலும் போகாது. அதுவும் சோடியம் கதவை அடைக்கும் பொருள்தான். அப்படியென்றால் சாப்பிட்டவருக்கு முதலில் இதயம்தானே நிற்கணும்? நடப்பது வேறு. உதடும் நாக்கும் மரத்துப்போகும், கைகால் துவளும், கடைசியில் மூச்சுவிடும் தசைகள் செயலிழந்துதான் உயிர் போகிறது. காரணம், நரம்பில் இருக்கும் கதவும் இதயத்தில் இருக்கும் கதவும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. இதயக் கதவின் வெளிவாயில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறி, அங்கே சிஸ்டீன் உட்கார்ந்திருக்கிறது. அதனால் விஷம் அங்கே சரியாக ஒட்டுவதில்லை.

லிக்னோகைன், ஃப்ளெக்கைனைடு போன்ற மருந்துகள் வெளிவாயை அடைப்பதில்லை. செல்லுக்கு உட்பக்கமாக வந்து, கதவு திறந்திருக்கும்போதோ திறந்து ஓய்ந்திருக்கும்போதோதான் நன்றாகப் பற்றுகின்றன. அதனால் அவசர அவசரமாகத் துடிக்கும் இடத்தில் அதிகம் வேலை செய்யும், நிதானமாகத் துடிக்கும் இடத்தில் குறைவு. இதுதான் மருந்தின் சூட்சுமம். அதைத்தான் அந்த ஒற்றை வரி விழுங்கிவிடுகிறது. இன்னொன்றையும் விழுங்குகிறது: விட்டு விலகும் வேகம். லிக்னோகைன் அடுத்த துடிப்புக்குள் பெரும்பாலும் விலகிவிடும். ஃப்ளெக்கைனைடு பல விநாடிகள் விடாது, சாதாரணத் துடிப்பிலும் மின் அலையை மெதுவாக்கும்.

இந்த வித்தியாசம் உயிர் விஷயம். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இடையிடையே தப்புத் துடிப்பு வரும். அதை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று நம்பி, அமெரிக்காவில் காஸ்ட் என்ற ஆய்வு நடத்தினார்கள். 1991-இல் வந்த முழுக் கணக்கு இது: என்கைனைடு அல்லது ஃப்ளெக்கைனைடு எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், வெறும் மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். ஈசிஜி என்னமோ அழகாகத்தான் இருந்தது!

தழும்பு விழுந்த தசையில் மின் அலை ஏற்கெனவே தயங்கித் தயங்கித்தான் போகும். மருந்து இன்னும் மெதுவாக்கினால், அலை சுற்றி வருவதற்குள் புறப்பட்ட இடம் மறுபடி தயாராகிவிடும். அலை அதே வட்டத்தில் திரும்பப் புகுந்துவிடும். கோளாறை அடக்க வந்ததே புதுக் கோளாறுக்கு வழி செய்கிறது.

ஃப்ளெக்கைனைடை அதற்காக ஒதுக்கிவிடவில்லை. தழும்பு, அடைப்பு, பலவீனம் இல்லாத இதயத்தில் மேலறைத் துடிப்பு குழம்பும்போது இன்றும் நல்ல மருந்து. அதனால்தான் எழுதித் தருவதற்கு முன் டாக்டர் "முன்னாடி அட்டாக் வந்திருக்கா?" என்று கேட்கிறார், எக்கோ பார்க்கிறார். ராமநாதபுரத்திலிருந்து பெரிய டாக்டரைப் பார்க்க மதுரைக்கு பஸ் ஏறுபவர்கள் பழைய ஈசிஜி, எக்கோ தாள்களைக் கையோடு எடுத்துப் போங்க. எந்தக் கதவுக்கு எந்த மருந்து என்று அதை வைத்துத்தான் அவர் முடிவு பண்ணணும்.